மலைவீட்டில் பிரிண்டர், கணினியில் லினக்ஸ்

ஏ4 தாள் ஒன்றில் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அடர்த்தியில் அச்சிட, குறுக்கே சுமார் 4,960, நெடுக்கே சுமார் 7,016 என ஏறத்தாழ 3 கோடியே 48 லட்சம் புள்ளிகளுக்குக் கணக்கு வேண்டும். எந்தப் புள்ளியில் மை விழ வேண்டும், எந்தப் புள்ளி வெள்ளையாகவே நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் யாராவது முடிவு செய்தாக வேண்டும். அந்தக் கணக்கைப் போடுவது கணினியா, பிரிண்டரா? போட்ட கணக்கை இரண்டும் எந்த மொழியில் பரிமாறிக்கொள்கின்றன? லினக்ஸ் கணினியில் பிரிண்டர் அமைப்பது சில வீடுகளில் இரண்டு நிமிட வேலையாகவும் சில வீடுகளில் இரண்டு நாள் அவதியாகவும் முடிவதற்கு விடை இந்த இரண்டு கேள்விகளில் இருக்கிறது.

நீலகிரியில் வீட்டு பிரிண்டருக்குத் தேவை அதிகம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் கடைவீதிகளை விட்டு விலகிவிட்டால், எஸ்டேட் லைன் வீட்டிலிருந்தோ ஹட்டியிலிருந்தோ ஒற்றைத் தாள் பிரிண்ட் எடுக்கவும் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். பட்டா, சிட்டா, வருமானச் சான்று, ஹால் டிக்கெட் எல்லாம் இன்று பிடிஎஃப் கோப்பாகத்தான் கைக்கு வருகின்றன. கொடுக்கப் போகும் இடத்திலோ தாளாகக் கேட்கிறார்கள். வீட்டுக் கணினி பெரும்பாலும் பழையதாக இருக்கும். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் என்ற லினக்ஸும் போடப்பட்டிருந்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கி, 2007 இல் வெளியிட்ட இயங்குதளம் அது. ஏறத்தாழ அதே காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2025 அக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளுக்கு உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகள் மறுவாழ்வு தருகின்றன. கணினி பிழைத்துக்கொள்கிறது; பக்கத்தில் இருக்கும் பிரிண்டர் என்ன ஆகும் என்பதுதான் அடுத்த கவலை.

பிரிண்டர்களின் மொழிகளில் சில ஊரறிந்தவை. அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட், எச்பியின் பிசிஎல் இரண்டும் 1980களில் பிறந்தவை. இவை தெரிந்த பிரிண்டருக்கு "இந்த எழுத்தை இந்த அளவில் இந்த இடத்தில் வை" என்று சொன்னால் போதும், புள்ளிக் கணக்கை அது தானே போட்டுக்கொள்ளும். அதற்குப் பிரிண்டருக்குள் செயலியும் நினைவகமும் வேண்டும், அதனால் விலை ஏறும். விலையைக் குறைக்க நிறுவனங்கள் ஒரு வழி கண்டன. மூளை வேலையைக் கணினியிடம் தள்ளிவிட்டு, பிரிண்டரைக் கை கால் மட்டும் உள்ள கருவியாகச் செய்தன. தமிழ்நாட்டின் ஜெராக்ஸ் கடைகளில் பல ஆண்டுகளாக உழைத்துவரும் எச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி 2900 இரண்டும் இந்த இனம். முதலாவது பேசுவது இசட்ஜே ஸ்ட்ரீம், இரண்டாவது பேசுவது கேப்ட். இரண்டும் நிறுவனங்களின் சொந்த மொழிகள், இலக்கணம் வெளியிடப்படவில்லை. புள்ளிகளை இந்த மொழிகளுக்கு மாற்றித் தரும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். விண்டோஸுக்கு அதை எழுதித் தருவதோடு நிறுவனத்தின் அக்கறை பெரும்பாலும் முடிந்துவிடும். லினக்ஸுக்கு கேனான் ஒரு டிரைவர் கொடுத்தது உண்டு. ஆனால் அதன் உள்பகுதி மூடப்பட்டது, நிறுவுவதும் பொறுமையைச் சோதிப்பது. மற்றபடி இந்த மொழிகளைக் கற்றவர்கள் வெளியாட்கள்தான். விண்டோஸிலிருந்து பிரிண்டருக்குப் போகும் தரவை ஒட்டுக்கேட்டு, பைட் பைட்டாகப் பிரித்துப் பொருள் கண்டு, 1020 போன்றவற்றுக்கு ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற டிரைவரையும், 2900க்குக் கேப்ட்டிரைவர் என்பதையும் எழுதினார்கள். கல்வெட்டு படிப்பதற்கு நிகரான வேலை.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் தோன்றியதிலும் ஒரு பிரிண்டருக்குப் பங்கு உண்டு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கும். அதற்கு முன்பிருந்த பிரிண்டரில் தாள் சிக்கினால், பிரிண்டுக்குக் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி தோன்றும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரல் எழுதி வைத்திருந்தார். புதியதில் அது முடியவில்லை, ஏனென்றால் மூல நிரல் கூடவே வரவில்லை. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்த ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டபோது, ரகசிய ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார். 1983 செப்டம்பர் 27 அன்று குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்த ஸ்டால்மன், தன் மனம் அந்தப் பக்கம் திரும்பியதற்கு இந்த மறுப்பும் ஒரு காரணம் என்று பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

லேசர்ஜெட் 1020 இல் இன்னொரு சிக்கல் உண்டு, மலைப்பகுதியில் அது பெரிதாகத் தெரியும். அந்தப் பிரிண்டர் தன்னை இயக்கும் நிரலைத் தனக்குள் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. சுவிட்ச் போட்ட ஒவ்வொரு முறையும் கணினி அதை ஊட்டிவிட வேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் மறந்துபோகும். மழைக்காலத்தில் கற்பூரமரமோ சில்வர் ஓக்கோ மின்கம்பியில் சாய்ந்து கரண்ட் போவது நீலகிரியில் புதிதல்ல. மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் திரும்பியதும் பிரிண்டரில் விளக்கு எரியும், கணினியும் பிரிண்டர் தயார் என்றே காட்டும், தாள் மட்டும் வராது. டிரைவர் கெட்டுவிட்டதாக எண்ணி அதை அழித்து மீண்டும் நிறுவுபவர்கள் உண்டு. பெரும்பாலும் யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கிச் செருகினாலே போதும். புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது என்று லினக்ஸ் உணரும் அந்தக் கணத்தில் நிரலை மறுபடி அனுப்பும் விதி டிரைவரோடு சேர்ந்தே நிறுவப்பட்டிருக்கும். எச்பி நிறுவனமே தரும் எச்ப்ளிப் தொகுப்பைப் பயன்படுத்தினால், அதனுடன் ஒரு மூடிய செருகுநிரலையும் பதிவிறக்க வேண்டும். எச்ப்ளிப்பின் பதிப்பும் செருகுநிரலின் பதிப்பும் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் பிரிண்டர் முரண்டுபிடித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

லினக்ஸில் அச்சுப் பணியை நடத்துவது கப்ஸ் என்ற மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999 இல் வெளியான இதை ஆப்பிள் 2002 இல் தன் மேக் இயங்குதளத்தில் சேர்த்தது. 2007 இல் அதன் மூல நிரலையே வாங்கியது. 2019 இறுதியில் ஸ்வீட் ஆப்பிளை விட்டு விலகிய பிறகு, ஓப்பன்பிரிண்டிங் என்ற திட்டத்தின் கீழ் கப்ஸ் தொடர்ந்து வளர்கிறது. அதன் வேலைமுறையைத் தேயிலைத் தொழிற்சாலை பார்த்தவர்கள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள். வாசலில் எடை போட்டு இறக்கிய கொழுந்து வாட்டும் இடம், அரைக்கும் இடம், புளிக்கும் இடம், உலர்த்தி, சல்லடை என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்கிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு மாற்றம். கப்ஸிலும் கோப்பு முதலில் வரிசையில் நிற்கும். பிறகு வடிகட்டி எனப்படும் சிறு நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதைக் கையில் எடுக்கும். ஒன்று ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கும், அடுத்தது பிடிஎஃபைப் புள்ளிகளாக்கும், அதற்கடுத்தது புள்ளிகளைப் பிரிண்டரின் மொழிக்கு மாற்றும். கடைசியில் நிற்கும் நிரல் அதை யுஎஸ்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ வெளியேற்றும். டிரைவர் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இந்தச் சங்கிலியின் கடைசிக்கு முந்தைய கண்ணி மட்டுமே.

அந்தக் கண்ணியே தேவையில்லாத காலம் இப்போது வந்திருக்கிறது. 2010 இல் ஆப்பிள் தன் கைபேசிகளுக்காக ஏர்பிரிண்ட்டை அறிமுகப்படுத்தியபோது, கைபேசியில் யாரும் டிரைவர் நிறுவ மாட்டார்கள் என்பதால் எல்லாப் பிரிண்டர்களும் ஒரே மொழி பேச வேண்டிய நிலை வந்தது. ஐபிபி என்ற நெறிமுறையின் மேல் கட்டிய ஐபிபி எவ்ரிவேர், மோப்ரியா என்ற பொதுத்தரங்களும் பின்னாலேயே வந்தன. இத்தகைய பிரிண்டர் தன் தாள் அளவு, வண்ணம், தெளிவு, இருபக்க அச்சு முதலிய திறன்களைத் தானே கணினியிடம் சொல்லிவிடும். இதனால் லினக்ஸுக்குக் கிடைத்த நன்மை பெரியது. லினக்ஸ் பயனர்கள் இருபது ஆண்டு கேட்டும் கிடைக்காதது, கைபேசிச் சந்தையின் நெருக்கடியால் தானாக வந்து சேர்ந்தது என்றும் சொல்லலாம். யுஎஸ்பி கேபிளில் இணைத்த பிரிண்டருடனும் இதே மொழியில் பேச ஐபிபி-யுஎஸ்பி என்ற சேவை உண்டு. 2021 இல் வந்த டெபியன் 11 முதல் அது இயல்பாகவே கிடைக்கிறது. மூன்றாம் தரப்பு பிரிண்டர் டிரைவர்களுக்குப் படிப்படியாக விடைகொடுக்கப் போவதாக 2023 இல் மைக்ரோசாஃப்ட்டும் அறிவித்துவிட்டது.

புதிய பிரிண்டரை அமைக்கும் முறை ஆகவே சுருக்கமானது. இயங்குதளத்தை முதலில் புதுப்பித்துவிட்டு, கேபிளைச் செருகி, சுவிட்ச் போட்டு அரை நிமிடம் காத்திருந்தால் போதும். அமைப்புகளில் பிரிண்டர்கள் பகுதியைத் திறந்தால் அதன் பெயர் ஏற்கெனவே வந்திருக்கும். வராவிட்டால் உலாவியின் முகவரிப் பட்டையில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து 631 என்ற எண்ணைச் சேர்த்தால் கப்ஸின் நிர்வாகப் பக்கம் திறக்கும். இணையம் இல்லாமலே திறக்கும், அது கணினிக்குள்ளேயே இருக்கும் பக்கம். அங்கே பிரிண்டரைச் சேர்க்கும்போது கடவுச்சொல் கேட்கும். சரியான கடவுச்சொல்லையும் ஏற்க மறுத்தால், அந்தப் பயனர் எல்பிஅட்மின் என்ற குழுவில் இல்லை என்று பொருள். குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழைந்தால் சரியாகும். மாதிரிப் பட்டியலில் தன் பிரிண்டரின் பெயர் இல்லாவிட்டால், எச்பி வகைக்கு எச்ப்ளிப், எப்சன் இங்க் டேங்க் வகைக்கு எப்சனின் இஎஸ்சி/பி-ஆர், பிரதர் லேசர் வகைக்கு பிஆர்லேசர் என்ற தொகுப்புகளை நிறுவிப் பார்க்க வேண்டும்.

ஒன்றும் அச்சாகாவிட்டால் சங்கிலியை அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்ப்பதே உத்தி. எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையின் விடையில் பிரிண்டரின் பெயர் இல்லையென்றால் குற்றம் கேபிளிலோ மின்சாரத்திலோ இருக்கிறது. டிரைவரைத் தொட வேண்டியதில்லை. பெயர் இருந்தால் அடுத்து வரிசையைப் பார்க்க வேண்டும். ஒரு பணி தோற்றுவிட்டால் கப்ஸ் பெரும்பாலும் வரிசையை நிறுத்திவைத்துவிடும். இது தெரியாமல் பிரிண்ட் பொத்தானைப் பத்து முறை அழுத்தியவர்களுக்கு, கோளாறு சரியான நொடியில் பத்துப் பிரதிகளும் அடுக்கடுக்காக வந்து விழும். முதலில் தேங்கியதை ரத்து செய்துவிட்டு, பிறகு வரிசையைத் தொடங்க வேண்டும். இன்னொரு சாதாரணக் கோளாறு தாள் அளவு. நிறுவும்போது நாட்டை மாற்றாமல் விட்டால் அமெரிக்க லெட்டர் அளவு அமைந்துவிடும். அது 216 மி.மீ. அகலம், 279 மி.மீ. உயரம், ஏ4 என்பது 210க்கு 297. ஏ4 தாள் நிறைந்திருக்கும் தட்டை வைத்துக்கொண்டே "தாள் இல்லை" என்று பிரிண்டர் கண்சிமிட்டினால், அது லெட்டர் தாளுக்காகக் காத்திருக்கிறது.

கப்ஸில் பகிர்வு என்ற ஒரு பெட்டியில் குறியிட்டால், லினக்ஸ் கணினியில் செருகிய பழைய பிரிண்டர் அந்த வீட்டின் வைஃபையில் ஏர்பிரிண்ட் பிரிண்டராக அறிவிக்கப்படும். 1020 போன்ற வைஃபையே இல்லாத கருவியில் கைபேசியிலிருந்து நேரடியாக அச்சிடலாம். ஒட்டுக்கேட்டு எழுதிய டிரைவர் நடுவில் துபாஷியாக நின்றுகொள்கிறது. ஆனால் வலைப்பின்னல் வசதிகளில் எச்சரிக்கையும் வேண்டும். 2024 செப்டம்பரில், வலைப்பின்னலில் பிரிண்டர்களைத் தேடும் கப்ஸ்-பிரௌஸ்டு என்ற துணைச் சேவை வழியாக வெளியாட்கள் நுழையக்கூடிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. திருத்தம் உடனே வெளிவந்தது. புதுப்பிக்காத கணினிகளில் ஓட்டை அப்படியே இருக்கும். வீட்டில் ஒரே ஒரு யுஎஸ்பி பிரிண்டர் இருப்பவர்கள் அந்தச் சேவையை நிறுத்தியும் விடலாம்.

கப்ஸ் தரும் சோதனைத்தாள் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழுக்குத் தனிச் சோதனை வேண்டும். அதற்கு ஏற்ற சொல் 'கொழுந்து'. யூனிகோடில் 'கொ' என்பது முதலில் 'க', பிறகு ஒகரக்குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. தாளில் விழும்போது அந்த ஒரே குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னேயும் கால் பின்னேயும் நிற்க வேண்டும். 'ழு' தனி வடிவமாகச் சேர வேண்டும், 'ந்' தலையில் புள்ளி சரியாக உட்கார வேண்டும். இந்த ஒழுங்கமைப்பை லினக்ஸில் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நிரல்தொகுதி. லோகித், நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பக்கம் புள்ளிகளாகவோ, எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் ஆகவோ போவதால் பிரிண்டருக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. திரையில் சரியாகத் தெரிந்து தாளில் கொம்பு தனித்து நின்றால், பிடிஎஃப் ஆகச் சேமித்து அதை அச்சிட்டால் பெரும்பாலும் தீரும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளின் கதை வேறு. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாகவே அச்சாகும். அதை எந்த பிரிண்டர் டிரைவராலும் திருத்த முடியாது, யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். கார்பன் பிரதி தேவைப்படும் இடங்களில் இன்னும் சளசளக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள், ஆங்கில எழுத்துகளைத் தம் சொந்த நினைவிலிருந்து வேகமாக அடிக்கும். தமிழைப் படமாக வரைய வேண்டியிருப்பதால் அதில் வேகம் பாதியாகக் குறைந்தாலும் வியப்பில்லை.

மென்பொருள் சரியான பிறகும் மலை தன் பங்குக்கு இடைஞ்சல் செய்யும். ஃபிலிம் தயாரிக்கத் தூசியற்ற குளிர்ந்த காற்று நல்லது என்று ஊட்டியைத் தேர்ந்தெடுத்துத்தான் 1960 இல் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவப்பட்டது. அதே காற்று மழைமாதங்களில் தாளுக்குப் பகை. அலுவலகத் தாளில் இயல்பாக அதன் எடையில் சுமார் 5 சதவீதம் ஈரம் இருக்கும். மேகம் ஜன்னலுக்குள் நுழையும் நாள்களில் திறந்து கிடக்கும் தாள் அதைவிட அதிகம் குடித்துவிடும். கூடலூர், பந்தலூர் பக்கம் இந்தத் தொல்லை தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில் தொடங்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழையின் அக்டோபர், நவம்பரில் உச்சத்துக்குப் போகும். லேசர் பிரிண்டரில் டோனர் தூளை உருளையிலிருந்து தாளுக்கு இழுப்பது மின்னூட்டம். ஈரத்தாள் மின்சாரத்தைக் கடத்திவிடுவதால் அந்த இழுவிசை கசிந்து, எழுத்து திட்டுத்திட்டாக வெளுக்கும். அடுத்து ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் தூளை உருக்கி ஒட்டும் உருளைக்குள் போகையில் ஈரம் ஆவியாகி, தாள் சுருண்டு, சிக்கும். டோனர் தீர்ந்ததாக நினைத்து கார்ட்ரிட்ஜ் மாற்றுவது வீண்செலவு. புதிதாகப் பிரித்த கட்டிலிருந்து நாலு தாள் போட்டுப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். தட்டில் அன்றைக்கு வேண்டிய தாளை மட்டும் வைத்து, மீதியை இறுக மூடும் டப்பாவில் வைப்பது மலைவீடுகளுக்கு ஏற்ற வழக்கம். கப்ஸின் அமைப்பில் தாள் வகையை 'மெல்லிய தாள்' என மாற்றினால் பல மாதிரிகளில் உருளையின் சூடு குறைந்து சுருளல் மட்டுப்படும்.

உயரமும் கணக்கில் வரும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். காற்று அடர்த்தி குறையக் குறைய, மின்னழுத்தம் அதைக் கிழித்துக்கொண்டு பாய்வது எளிதாகிறது. லேசர் பிரிண்டரின் உருளைகளுக்கு இடையே உள்ள உயர் மின்னழுத்தம் அப்படிக் கசிந்தால் அச்சில் புள்ளிகளோ கோடுகளோ தோன்றும். பெரிய நகலிகளில் உயரத்துக்கென்றே ஓர் அமைப்பு உண்டு; மெக்கானிக்கிடம் அதைக் கேட்டுப் போடச் சொல்ல வேண்டும். இங்க் பிரிண்டர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, குளிர்தான் பிரச்சினை. பெரும்பாலான வீட்டு பிரிண்டர்கள் 10 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பத்துக்காகச் செய்யப்பட்டவை. உறைபனி விழும் ஜனவரி அதிகாலையில் மை கெட்டிப்பட்டு மெதுவாக ஓடும். அந்தப் பருவத்தின் வறண்ட காற்றில் நுண்துளைகள் காய்ந்து அடைபடும். வெயில் ஏறிய பிறகு, வாரம் ஒருமுறையாவது வண்ணப்பக்கம் ஒன்றை அச்சிட்டால் துளைகள் திறந்தே இருக்கும்.

மாதம் ஐந்தாறு தாள் மட்டுமே தேவைப்படும் வீட்டுக்குக் கறுப்பு-வெள்ளை லேசர் பிரிண்டரே உகந்தது. டோனர் தூள் ஆண்டுக்கணக்கில் காயாது. பிள்ளைகளின் வண்ணப் படங்கள் தொடர்ந்து அச்சாகும் வீட்டுக்கு இங்க் டேங்க் வகை சிக்கனம். எதை வாங்கினாலும் பெட்டியின் மேல் ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 'லினக்ஸுக்கு வேலை செய்யுமா' என்று கேட்டால் கடைக்காரர் தலையைச் சொறிவார். 'டிரைவர் போடாமல் போனிலிருந்து பிரிண்ட் வருமா' என்று கேட்டால் விடை தெரியும். இரண்டு கேள்விக்கும் விடை இன்று ஏறக்குறைய ஒன்றே.